உண்டியும் பொறுமையும்

உடம்பு பேணப்படுதற்குரியது என்பது சைவநூல்களின் துணிபு. இறைவன் உயிர்களின்மாட்டு வைத்த பெருங்கருணையால் தனு கரண புவன போகங்களைப் படைத்தளித்தனன் என்றும், அவற்றைத் துணையாகக் கொண்டே உயிர் மலக்கட்டு நீங்கி உய்தல் வேண்டும் என்றும் சித்தாந்தம் கூறும். அவ்வாறாயின், போகங்களுள் நாள்தோறும் தவறாது நுகரப்படுவதாகிய உணவினை எவ்வாறு நுகர்வது என்பது சிறு பொருளாகாது. ஆயினும், சைவ நன்மக்கள் பலர் எதனை உண்ணலாம், எதனை உண்ணலாகாது என்று ஆராயும் அளவிற்கு, எங்ஙனம் உண்பது என்பதனை ஆராய்கின்றிலர். புலால் மறுத்தார் ஒருவர் ஐந்து நிமிடத்தில் இலையை வெறுமையாக்கி எழுவாராயின், அவர் சைவ உணவு உண்டார் என்று சொல்லலாம். சைவராக உண்டார் என்று சொல்லுதல் அரிது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மூலிகை ஒன்றன் பெயரையேனும் கூறிற்றிலர். பத்துக் குறளுள் ஆறு உண்ணும் முறையினையே நுவல்கின்றன. முன் உண்டது செரித்ததா என்று அறிதலும், பசியின் அளவு அறிதலும், உடம்பொடு மாறுபடாத உணவைத் தெரிதலும், மிகுதியை விலக்குதலுமே ஆண்டுச் சொல்லப்படுவன. இவையனைத்தும் பொறுத்திருந்து அறியவேண்டியவை. விரைபவனுக்குத் தன் வயிறு சொல்வது கேளாது. இற்றைநாள் உடல்நூலாரும் இதனையே வேறு வகையாற் கூறுவர். சோற்றிலுள்ள மாப்பொருள் செரிக்கத் தொடங்குமிடம் வயிறன்று, வாயே. உமிழ்நீரே அதனை முதற்கண் உடைக்கின்றது. வயிறு நிறைந்தது என்னும் செய்தி மூளையைச் சென்று சேர்தற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பர். அச்செய்தி வருமுன்னரே உண்டு எழுபவன் அளவு கடந்ததனை எங்ஙனம் அறிவான்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடத்தப்பெற்று 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு உடையார் 10 கோடிக்கு மேற்பட்டவர் எனக் காட்டிற்று. அதற்குக் காரணம் பல. உண்ணும் விரைவு ஒன்றே காரணம் என்பார் மிகைபடக் கூறினாராவர். விரைவும் அவற்றுள் ஒன்றாதல் கூடும் என்பதே ஈண்டைக்குப் போதும்.

மெல்ல உண்ணுதலைக் கற்பிக்க மேனாட்டிலும் சிலர் முயன்றனர். அமெரிக்க நாட்டு ஹொரேஸ் பிளெட்சர் (1849-1919) என்பார், வாயிலிட்ட கவளம் நீராய்க் கரையுமளவும் மெல்லவேண்டும் என்று பலவிடத்தும் சென்று பேசினார். அது கேட்டோர் மெல்லுந்தோறும் எண்ணத் தலைப்பட்டனர். எண்ணிக்கொண்டு மெல்லுதலும் ஒருவகை விரைவே. நெஞ்சம் உணவின்மேல் இராது எண்ணின் முடிவின்மேலே இருத்தலின். இதனினும் நன்கு சிந்தித்தவர் இத்தாலி நாட்டுக் கார்லோ பெட்ரினி முதலானோர். 1986-இல் உரோம் நகரத்தின் பழைய சதுக்கம் ஒன்றில் அமெரிக்கத் துரித உணவுக்கடை தோன்றியபொழுது அதனை எதிர்த்து எழுந்த அவர்கள், நிதான உணவு இயக்கம் என ஒன்றைக் கண்டனர். 1989-இல் அது பாரிஸ் நகரில் தன் கொள்கையை வெளியிட்டது. நத்தை அதன் சின்னம். உண்பவனை மட்டும் நோக்காது விளைப்பவனையும் சேர்த்து நோக்கியது அவ்வியக்கத்தின் சிறப்பாகும். உழவன்வரை சென்ற அவ்வெண்ணம் உரல்வரைக்கும் செல்லுதல் வேண்டும் என்பதற்கு, வத்தல்மலையில் நிகழ்ந்த ஒன்று இங்கு எழுதப்படுகின்றது.

தருமபுரியில் முதிய ஆசிரியர் ஒருவர் உளர். சமயதீக்கையும் விசேடதீக்கையும் பெற்றவர்; மனைவியாரை இழந்தவர். எதனிலும் பெருமிதம் கொள்ளாத அவர் ஒன்றில் மட்டும் சிறிது பெருமிதம் உடையவராயிருந்தார். அஃது அவர் உண்ணும் முறை. நீராடி, நீறணிந்து, பூசை முடித்து, நிவேதித்ததனை இலையிலிட்டுத் திருவைந்தெழுத்தை எண்ணி அமர்வாராயின், அவர் எழுதற்கு முக்கால் மணியாகும். இடையிற் பேசார், வேறொன்று நோக்கார். ‘உண்பதும் பூசையின் ஓர் உறுப்பே’ என்பது அவர் மாணாக்கரிடம் பலகாற் சொல்லிவந்த சொல்.

அவர்தம் ஒரே மைந்தர் பெங்களூரில் கணிப்பொறித் தொழில் புரிபவர். அவருக்குக் காலையுணவு வண்டியில்; நண்பகலுணவு கணிப்பொறியின் முன்; இரவுணவு கைப்பேசியோடு. முன்னொருகால் ஊருக்கு வந்திருந்தபொழுது, தந்தையார் முதற்கவளம் எடுக்குமுன் மைந்தர் மோருக்குக் கை நீட்டினர் என்பது அவ்வீட்டில் நெடுநாள் சொல்லிச் சிரிக்கப்பட்ட செய்தி. நாற்பத்திரண்டாம் அகவையில் அவருக்கு நீரிழிவு கண்டது. அதன்பின் அச்செய்தியைச் சொல்லி எவரும் சிரித்திலர். டாக்டர் மருந்து கொடுத்து, உணவை மாற்றுக என்றும் நிதானமாக உண்க என்றும் கூறியனுப்பினார்.

“எதை மாற்றுவது என்று தாளில் எழுதித் தந்தார், அப்பா. நிதானமாக உண்பது எப்படி என்று எழுதித் தரவில்லை” என்றார் மைந்தர்.

“அது தாளில் வராது, தம்பி. வத்தல்மலைக்கு ஒருநாள் போய்வருவோம்” என்றார் ஆசிரியர்.

வத்தல்மலை தருமபுரிக்கு அண்மையில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்து நிற்பது. தருமபுரி பண்டைத் தகடூர் என்பதனை அன்பர்கள் அறிவர். அரிதிற் பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு அளித்த அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடு அது. தன் வாய்க்குச் செல்லற்பாலதனைப் பிறர் வாய்க்கு அளித்த ஒரு செயலால் அவ்வூர் இரண்டாயிரம் ஆண்டாக நினைக்கப்படுகின்றது. மலைமேல் பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலிய சிற்றூர்கள் உள்ளன. அங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் பற்றி மயங்கி அவர்களைச் சேர நாட்டாரெனக் கொள்ளற்க. மலையை ஆள்பவர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சியினின்று போந்தனர் என்பது அக்குடியினரிடை வழங்கும் மரபு. காப்பியும் மிளகும் பயிரிடுவர். சாமையும் கேழ்வரகும் அவர்தம் பழைய உணவு. கொண்டை வளைவுகள் பல உடைய சாலை வந்தபின் ஏறியிறங்குதல் எளிதாயிற்று, அதன்முன் நடையே.

ஆசிரியரிடம் பண்டு கல்வி பயின்ற ஒருவர் பெரியூரில் உழவு செய்து வாழ்கின்றார். தை மாதத்தில் ஒருநாள், பனி விலகிய பொழுதில், தந்தையும் மகனும் அவர் மனையை அடைந்தனர். மாணாக்கரின் முதிய தாயார் வாயிலில் வந்து வரவேற்றார்.

“வாருங்கள், வாத்தியாரையா. ரேஷன் அரிசி இருக்கிறது, அரைமணியில் ஆக்கிவிடுவோம்” என்றார் அம்மூதாட்டியார்.

“அரிசி கீழே நாள்தோறும் உண்பதுதானே, அம்மா. சாமை உண்டா?”

“உண்டு, ஐயா. குத்தாமல் இருக்கிறது.”

“இருக்கட்டும். எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. காத்திருக்கிறோம்.”

வெயிலிற் காய்ந்த சாமை உரலிற் கொட்டப்பட்டது. மாணாக்கரின் மனைவியார் உலக்கை எடுத்தார். சாமையின் உமி எளிதில் கழல்வதன்று. ஒருமுறை குத்திப் புடைத்தல், மீண்டும் உரலிலிட்டுக் குத்துதல், முறத்திற் கொழித்து நொய்யும் கல்லும் களைதல் என இவ்வாறு பன்முறை செய்தாலன்றி உலைக்கு ஆகாது. திண்ணையில் அமர்ந்த ஆசிரியர், உலக்கையின் ஒலி கேட்டு மகிழ்ந்து, மைந்தரை நோக்கி விரித்துரைக்கத் தொடங்கினார். இம்மக்கள் உணவுக்கு எத்துணைக் காலம் கொடுக்கின்றனர் என்றும், பொறுமை அடுப்பிலே தொடங்குகின்றது என்றும், நகரத்தார் இழந்தது இதுவே என்றும் அவர் கூறினார். கூறியன பொய்யல்ல. சொல்லியவிடமே பொருந்தாதது.

மாணாக்கரின் மனைவியார் உலக்கையைச் சுவரிற் சார்த்தி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சினமின்றியே சொன்னார்: “வாத்தியாரையா, காத்திருப்பது உங்களுக்கு, குத்துவது எங்களுக்கு. மிஷினிலே கொடுத்தால் கால்மணியில் தீரும். நீங்கள் கேட்டீர்கள் என்றுதான் இன்றைக்கு உரல்.”

மாணாக்கர் நாணி மனைவியாரைக் கடிய முற்பட்டார். ஆசிரியர் கையமர்த்தினார். பின்னர் அவர் வாய் திறந்திலர். சிறிது பொழுது கழித்து மைந்தர் எழுந்து சென்று, “நான் குத்துகிறேன், அக்கா; சொல்லிக்கொடுங்கள்” என்று உலக்கையை வாங்கினார். கணிப்பொறியின் விசைகளையன்றி வேறொன்றும் அழுத்தி அறியாத கை. சாமை உரலுக்கு வெளியே தெறித்தது. மூதாட்டியார் சிரித்து, “இறுக்கிப் பிடிக்காதே, தம்பி. உலக்கை தானே விழும்; விழவிட்டு மறுபடி ஏந்தினால் போதும்” என்றார். இதனைக் கற்பதற்குள் மைந்தரின் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்தன.

பிற்பகல் இரண்டு மணி கடந்து இலை இடப்பட்டது. சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு, கீரைக் கடையல் என்பனவே உணவு. மைந்தர் கொப்புளித்த கையாற் சூடான சோற்றைப் பிசைய மாட்டாது, சிறிது சிறிதாக எடுத்து, ஆற்றி ஆற்றி உண்டனர். நிதானமாக உண்க என்று அன்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. கைப்பேசி திண்ணையிலே கிடந்தது. அதனை அவர் தேடினாரல்லர். ஒவ்வொரு பருக்கையும் எவ்வாறு உமி கழன்று வந்தது என்பதனைக் கண்டறிந்தவன் அதனை வாரி விழுங்குதல் எளிதன்று. அங்குள்ளோர் வியந்தது மற்றொன்று. முக்கால் மணி உண்பவராகிய ஆசிரியர் கால்மணியில் உண்டு எழுந்துவிட்டார்.

அதன் காரணத்தை இறங்கும் வழியில், ஒரு வளைவில் வண்டி நின்றபொழுது, அவரே மைந்தருக்குக் கூறினார். இலைமுன் அமர்ந்தபின் நிமிர்ந்து நோக்கியபொழுது, குத்திய பெண்ணும் மூதாட்டியும் தாம் உண்ணாது அடுக்களை வாயிலில் நின்றதனைக் கண்டாராம். தாம் நிதானமாக உண்ணுந்தோறும் அவர்கள் பசி நீளுமன்றோ?

“உன் அம்மாவும் நாற்பதாண்டு அப்படித்தான் நின்றாள். நான் எழுந்தபின் ஆறிய சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த வேலை கூப்பிடுமுன் விழுங்கிவிட்டுப் போவாள். வயிற்றுவலிக்கு அவள் மருந்து குடித்ததை நான் அறிவேன். அவள் எப்படி உண்டாள் என்பதை ஒருநாளும் திரும்பிப் பார்த்தேனில்லை” என்றார்.

மைந்தர் விடை சொல்லவில்லை.

ஈண்டு அன்பர்கள் சிறிது நின்று நோக்குதல் நன்று. முன்னோர் பொறுமையாக உண்டனர் என்று புகழ்வது எழுத்திலும் மேடையிலும் வழக்காயிற்று. அவர்தம் பொறுமையுட் பெரும்பகுதி உலக்கை பிடித்த கைகளின் பொறுமை. உண்பவன் காத்திருந்தான் என்றால், அவன் காத்திருத்தற்கு வேறு வழியில்லை. உரலும் விறகடுப்பும் அவனை நிறுத்திவைத்தன. சைவ நூல்கள் இதனை மறந்தனவல்ல. இளையான்குடி மாற நாயனார் மழையிரவில் வந்த அடியாருக்கு அமுதளித்த வரலாற்றில், விதைத்த நெல்லை வாரிவரலாம் என்னும் வழியைக் கண்டு சொன்னவர் மனைவியார். முளைநெல்லை ஏற்று, வறுத்து, குத்தி, உலையிலிட்டு, குழியிற் பறித்த கீரையைப் பலவகைக் கறியாக்கினவரும் அவரே. சேக்கிழார் நாயனாரை வயலுக்கு அனுப்பிவிட்டு அடுக்களையைப் பாடாது விட்டாரல்லர். அரிவாட்டாய நாயனார் வறுமையுற்றபொழுது, கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவனுக்கு ஆக்கிக் கார்நெல்லைத் தாம் உண்டனர். அதுவும் அற்றபொழுது மனைவியார் கொல்லைக் கீரையைப் பறித்துச் சமைத்தனர். அதுவும் அற்றபொழுது தண்ணீரை வார்த்தனர். அவ்வில்லத்தில் பொறுமை ஒருவர் தோளில் மட்டும் இருந்ததில்லை. உணவிற்கு முன் நிவேதனமும், அடியார் வரவு நோக்கியிருத்தலும், மகேசுவர பூசையில் யாவருக்கும் இலையிட்டு முடியுந்துணையும் எவரும் கைவையாதிருத்தலும் பசித்தவனே தன் பசியை நிறுத்தப் பழகும் பயிற்சிகள். ஆசிரியர் நிவேதனத்தைத் தவறாது செய்தார். வரிசையில் இன்னொருவர் உண்ணாது நிற்கின்றனர் என்பதனைப் பார்த்தாரில்லை.

பொறி வந்ததனை வெறுத்தல் வேண்டுவதன்று. கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், சாமை முதலியவற்றின் உமி நீக்கும் பொறிகளை ஊர்க்குழுவினரிடம் அமைத்தபொழுது, பெண்டிர் பல மணிநேரத் தோள்நோவினின்று விடுபட்டனர். அஃது அறமே. பொறியினால் வரும் கேடு பிறிதோரிடத்தது. அளவின்றித் தீட்டினால் உமியொடு தவிடும் போம். யாவாத் தீவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்னும் மருத்துவர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நரம்புநோயால் நடைதளர்ந்து வீழ்தலையும், தவிட்டொடு கூடிய அரிசி பெற்று அவை தேறுதலையும் 1890-களிற் கண்டார். அதன்பொருட்டு 1929-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். இற்றைநாள் அங்காடியில் வெள்ளை வெளேரென மின்னும் சாமையைச் சிறுதானியம் என்று விரும்பி வாங்குவோர் இதனை நினைவிற் கொள்க. பெயர் சாமையே, தவிடு இல்லை.

அரிசி மலையேறிய வரலாறும் எளிதிற் பழிக்கத்தக்கதன்று. தமிழ்நாட்டில் 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் நியாயவிலைக் கடைகளில் அரிசி வழங்கப்பட்டது. பசித்த வயிறுகள் பல அதனால் நிறைந்தன. அரைமணியில் வேகும் அரிசி கையிலிருக்க, அரைநாள் உழைப்பு வேண்டும் சாமையை மலைப்பெண்டிர் நாள்தோறும் குத்தவேண்டும் என்று எதிர்பார்ப்பவர், முதலில் ஒருநாள் தாமே குத்திப் பார்ப்பது முறை. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. அவ்வாண்டே தருமபுரி, நீலகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் 2 கிலோ அரிசிக்கு மாறாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கேழ்வரகுக் களி தருமபுரியார்க்குப் புதிதன்று. கடையில் அது கிடைப்பதே புதிது. இஃது அரிசியை விலக்காது பழைய உணவிற்கும் இடம் தருதலின் நல்ல தொடக்கம் எனலாம்.

எளிமை வந்தபின் பொறுமை எங்கே இருப்பது என்பதே இனிக் கேள்வி. முன்பு உரல் நிறுத்திவைத்தது. இன்று நிறுத்திவைப்பார் ஒருவரும் இலர். உணவு சொன்னவுடன் வாயிலில் வந்து நிற்கின்றது. ஆகலின் உண்பவன் தானே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டியவனாகின்றான். இது முன்னோர்க்கு நேராத கடுமை என்பதனை ஒப்புக்கொள்ளவேண்டும். இளைஞரைக் கடிந்துரைக்கும் முதியோர் இதனை எண்ணுவதில்லை. அம்முதியோருட் பலருக்கும் காத்திருத்தலைக் கற்பித்தது அவர்தம் தவமன்று, அடுப்பு.

பெங்களூர் மீண்ட மைந்தர் முதல் இரண்டு கிழமை நன்றாகவே உண்டார். கை ஆறிற்று, பழைய விரைவும் திரும்பிற்று. இஃது எதிர்பார்க்கத்தக்கதே. ஒருநாள் இரவு, தாம் உண்டு முடித்தபின்னரும் தம் மனைவியார் தோசைக்கல்லின் முன்னரே நின்றதனை அவர் கண்டார். மலைவாயிலில் நின்ற இருவரும், தாயாரும் நினைவிற்கு வந்தனர் போலும். அன்றுமுதல் அவ்வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. ஆக்கவேண்டுவன அனைத்தும் ஆக்கி நடுவில் வைத்தபின், மனைவியாரும் குழந்தையும் தாமும் ஒருங்கே அமர்வது. மூவரும் முடிக்குமுன் எவரும் எழுவதில்லை என்பது. குழந்தை உண்பதற்கு அரைமணியாகும். அக்குழந்தையே இப்பொழுது அவருக்கு உரலாயிற்று. கைப்பேசியை வேறறையில் வைப்பர். சிலநாள் மறந்து கொணர்வதும் உண்டு. மருந்தை விட்டாரல்லர், விடுதல் ஆகாதென்று டாக்டரும் கூறியுள்ளார். குருதியிலுள்ள சர்க்கரை சிறிது தாழ்ந்ததாம். உணவு மாறியதாலோ, மருந்தினாலோ, மாலையில் நடப்பதாலோ, அவற்றைப் பிரித்துச் சொல்லுதல் இயலாது.

ஆசிரியர் திங்கட்கிழமைதோறும் தாமே சமைக்கின்றார். முதலில் சோறு குழைந்தது. குழம்பில் உப்பு மிகுந்தது. வீட்டுவேலைக்கு வரும் அம்மையாரை அன்று தமக்கெதிரே இலையிட்டு அமர்த்திய பின்னரே தாமும் அமர்கின்றார். அவ்வம்மையார் பலகாலும் மறுத்து, இப்பொழுது சிறிது சிறிதாக உடன்பட்டு வருகின்றார். சென்ற பொங்கலுக்கு மைந்தர் குடும்பத்தோடு வந்திருந்தபொழுது, பெரியூரினின்று தவிடு போகாது உமி நீக்கிய சாமை ஒரு படி வந்திருந்தது. அதனை ஆக்கியவர் ஆசிரியர். நிவேதனம் முடிந்து ஐந்து இலை இட்டனர். மருமகளார் எழுந்து பரிமாற முற்பட்டார்.

“நீ உட்காரம்மா” என்று சொல்லி, ஆசிரியர் மோர்ச்செம்பைத் தாமே எடுத்துக்கொண்டார்.